கொலராடோவின் கிலுகிலுப்பைப் பாம்பு வளை: தூரத்திலிருந்து பார்த்த ஓர் ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வடக்குப் பகுதியில், தனியார் நிலம் ஒன்றில் பாறைகள் சரிந்து கிடக்கும் ஒரு மேட்டுச் சரிவு இருக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து சேரும் புல்வெளிக் கிலுகிலுப்பைப் பாம்புகள் (வால் நுனியில் உள்ள கிலுக்கை ஆட்டி ஒலி எழுப்பும் விஷப் பாம்புகள்) 2,000 வரை இருக்கலாம் என்பது அதை ஆராய்கிறவர்களின் மதிப்பீடு. தங்களுக்குத் தெரிந்த வளைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சரிவைப் பல்கலைக்கழக மாணவர்களும் விஞ்ஞானிகளும் ஊர்பேர் தெரியாத பொதுமக்களும் சேர்ந்து எப்படி ஆராய்ந்தார்கள், எங்கே அது நன்றாக நடந்தது, எங்கே இன்னும் இடிக்கிறது என்பதை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயரை விட்டுவிடுகிறேன். இங்கே முக்கியம் வேலை நடந்த விதம்தான்.

இவ்வளவு பாம்புகள் ஏன் ஒரே இடத்தில் கூட வேண்டும்? அந்த ஊர்க் குளிரில் மண் உறைந்துவிடும். உறையும் ஆழத்துக்கும் கீழே இறங்கிப் படுக்க முடிந்தால்தான் பாம்பு பிழைக்கும். அந்த அளவு ஆழமான, உள்ளே கிளை பிரிந்து போகிற பாறை இடுக்குகள் எல்லா இடத்திலும் கிடையாது. கிடைத்த நல்ல இடத்துக்கு சுற்றுவட்டாரத்துப் பாம்புகளெல்லாம் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. அந்த ஆண்டு பிறந்த குட்டிகள், பெரிய பாம்புகள் போன தடத்தின் வாசனையைப் பிடித்து வளையைக் கண்டுபிடிப்பதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. வசந்தத்தில் வெளியே வந்ததும் ஆண் பாம்புகளும் சினையில்லாத பெண் பாம்புகளும் எலி, தரையணில் தேடிப் புல்வெளிக்குப் போய்விடும். சினையாக இருக்கும் பெண்கள் மட்டும் போவதில்லை. வெயில் நன்றாகக் காயும் பாறைகளில் கோடை முழுக்கத் தங்கி, பெரும்பாலும் இரை எடுக்காமல், உடம்புச் சூட்டைச் சரியான அளவில் வைத்துக்கொண்டு வயிற்றில் உள்ள குட்டிகளை வளர்க்கின்றன. நம் ஊர்க் கண்ணாடி விரியனைப் போலவே இதுவும் முட்டை இடாது, குட்டிதான் போடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, இந்தப் பாம்பின் பெருக்கம் மிக மெதுவானது. ஒரு பெண் பாம்பு பருவத்துக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும். ஒரு முறை குட்டி போட்டால் உடம்பு வற்றிப் போகும், மறுபடி தேற ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் ஒரு வளையை யாராவது கண்டுபிடித்து அழித்தால் அது சுற்று வட்டாரம் முழுவதையும் பாதிக்கிற இழப்பு. அப்படி அழிப்பது கற்பனையும் இல்லை. டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் 1958 முதல் ஆண்டுதோறும் கிலுகிலுப்பைப் பாம்புகளைக் கூட்டமாகப் பிடித்துக் குவிக்கும் திருவிழா நடக்கிறது. அதற்காக வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்புகளை வெளியே துரத்துவது பழைய வழக்கம். பயத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் வரை விஷப் பாம்புகளிடம் கடிபடுகிறார்கள், அதில் இறப்பது ஐந்து பேர் அளவில். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே ஒரு வட்டாரத்துப் பாம்பு வம்சத்தை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட முடிகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சிக்கல்: ஆள் போனால் பாம்பு மாறிவிடுகிறது

கிலுகிலுப்பைப் பாம்பைக் காட்டில் ஆராய்கிறவர் யாரும் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். ஆள் நெருங்கினால் பாம்பு அப்படியே உறைந்து கிடக்கும், அல்லது இடுக்குக்குள் நழுவும், அல்லது வாலை ஆட்டும். மூன்றுமே நம்மைப் பார்த்து அது செய்கிற காரியம். நாம் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்பது ஆராய்கிறவரின் நோட்டுப் புத்தகத்தில் ஏறாது. பல காலமாக இந்தப் பாம்புகளைத் தனிமை விரும்பிகள், குளிருக்காக மட்டும் ஒன்றாகக் கிடப்பவை என்று நினைத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மாணவர் பாறைக்கு எதிரே நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்தாலும் அவரால் ஒரு கோடையில் சில நாட்கள்தான் முடியும். அதுவும் நூற்றுக்கணக்கில் பாம்பு நடமாடும் சரிவில் நடந்து போய் வருவதே ஆபத்து. ஆளைக் குறைத்துப் பார்வையைக் கூட்ட வேண்டும், அதற்குக் கேமராதான் வழி என்று முடிவானது.

2021: படங்களோடு தொடங்கியது

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரியும் சேர்ந்து 2021-இல் 'ராட்டில்கேம்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. ஆரம்பத்தில் நேரலை கிடையாது. குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் கேமராவைப் பாறைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். படங்கள் மலைபோலக் குவிந்தன, அவற்றைப் பார்த்து எண்ண ஆள் வேண்டும்.

இங்கேதான் பொதுமக்கள் வந்தார்கள். ஜூனிவர்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது, 2007-இல் விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களை வைத்து வகை பிரித்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. ராட்டில்கேம் படங்களை அங்கே ஏற்றினார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, படத்தில் பாம்பு இருக்கிறதா, எத்தனை, எங்கே என்று குறிக்கலாம். ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டி, பெரும்பாலானவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை எடுத்துக்கொள்வது அந்தத் தளத்தின் பொது முறை.

இந்த முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேட்ட கேள்வி சின்னது. 'இந்தப் பாம்பு என்ன செய்கிறது' என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு கதை வந்திருக்கும். 'எங்கே இருக்கிறது' என்று கேட்டதால் பத்து வயதுப் பிள்ளை சொன்னதையும் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னதையும் ஒப்பிட முடிந்தது. அதுவே சுலபமான வேலை இல்லை. காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த நிறத்தில் இருக்கும் பாம்பு, அதே நிறப் பாறையில், பாதி உடம்பு நிழலில். முதல் பார்வையில் வெறும் கல் தெரியும். படத்தைப் பெரிதாக்கினால் கல்லின் ஓரமாகக் கருந்திட்டுகள் வரிசையாக ஓடுவது கண்ணில் படும். அப்புறம் அந்த வரிசை வளைந்து இன்னொரு வரிசைக்குக் கீழே போவது தெரிந்து, ஒன்று என்று நினைத்தது மூன்று என்று ஆகும்.

2024: நேரலைக்கு மாறினார்கள்

படம் எடுத்துவிட்டுப் பிறகு எண்ணுவதில் ஒரு குறை உண்டு. இரண்டு படங்களுக்கு நடுவில் நடந்தது போய்விடும். ஒரு பாம்பு இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்தது தெரியும், எது முதலில் நகர்ந்தது என்று தெரியாது. கலிபோர்னியாவில் சிறிய இடம் ஒன்றில் நேரலை செய்து பார்த்த அனுபவமும் சேர, 2024 மே மாதம் கொலராடோ வளையிலும் நேரலைக் கேமராவை நிறுத்தினார்கள். மின்கம்பி கிடையாது, சூரிய மின்சாரம்தான். தொலைவிலிருந்தே கேமராவைத் திருப்பலாம், நெருக்கமாகப் பார்க்கலாம்.

இடம் எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்வதில்லை. பெரிய செய்தி நிறுவனங்கள் எழுதியபோதும் 'வடக்குக் கொலராடோவில் தனியார் நிலம்' என்பதோடு நிற்கிறது. திறந்த அறிவியல் என்று சொல்லிவிட்டு இடத்தை மறைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் இந்த ஆய்வின் மிகச் சரியான முடிவு இதுதான். வளை இருக்கும் இடம் வெளியே தெரிந்தால், பிடிக்க வருகிறவர் ஒரு பக்கம், பயந்து கொல்ல வருகிறவர் ஒரு பக்கம், ஆசையாகப் படமெடுக்க வருகிறவர் இன்னொரு பக்கம். மூன்றாவது ஆள் நல்லவர்தான், ஆனால் வரிசையாக வரும் நல்லவர்கள் சினைப் பாம்புகளை வெயில் காய விடமாட்டார்கள், அந்த வெயில்தான் குட்டி வளர்வதற்கு வேண்டிய சூடு. நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கொடுத்த வாக்கும் இதில் இருக்கிறது. நாளை இன்னொரு நிலக்காரர் தன் வேலிக்குள் விஞ்ஞானியை விட வேண்டும் என்றால் இன்றைய வாக்கு நிற்க வேண்டும்.

எது நடந்தாலும் உள்ளே போய்த் தலையிடுவதில்லை என்பது இன்னொரு அடிப்படை, மனித இடையூறு இல்லாமல் பார்ப்பதற்காகவே கேமரா வைத்தது. பார்க்கிறவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். பருந்தும் மேக்பை பறவைகளும் பாம்புக் குட்டிகளைத் தேடி வருகின்றன, பல நாள் பார்த்துப் பழகிய தாயின் குட்டியை ஒரு பறவை கொத்துவதை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோடையில் கண்டவை

நேரலையை ஒரே சமயத்தில் 500 பேர் வரை பார்த்தார்கள். பாம்பு என்றாலே விலகிப் போகும் உலகத்தில் இது சின்ன எண் இல்லை. அங்கே காலை ஏழு மணி, பாம்புகள் இடுக்கிலிருந்து தலை நீட்டும் நேரம், நமக்கு மாலை ஆறரை. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் அவற்றின் நாள் தொடங்குவதைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் தாங்கள் கண்டதை உடனுக்குடன் எழுதினார்கள், உடம்பின் திட்டுகளையும் தழும்புகளையும் வைத்துச் சில பாம்புகளை அடையாளம் கண்டு செல்லப் பெயரும் வைத்தார்கள்.

மழை நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சரிவில் கோடையில் குடிக்கத் தண்ணீர் அரிது, குட்டியைச் சுமக்கும் பாம்பு ஓடையைத் தேடிப் போவதும் இல்லை. தூறல் விழத் தொடங்கியதும் இடுக்கிலிருந்து பாம்புகள் வெளியே வருகின்றன. உள்ளே ஒளிய வேண்டிய நேரத்தில் வெளியே வருவதே முதல் ஆச்சரியம். வந்து, உடம்பை இறுக்கச் சுருட்டி, விலா எலும்புகளை விரித்துத் தட்டையாக்கி, ஓரம் தூக்கிய தாம்பாளம் மாதிரி ஆகிவிடுகின்றன. சுருள்களுக்கு நடுவே தண்ணீர் தேங்குகிறது. அப்புறம் தலையை மெல்லத் தாழ்த்தி, வாயைத் தன் செதில்மேலேயே வைத்து, தாடை மிக லேசாக அசைய அசைய உறிஞ்சுகிறது. பக்கத்தில் கிடக்கும் பாம்பின் முதுகில் தேங்கியதையும் குடிக்கும், அந்தப் பாம்பு ஒன்றும் சொல்வதில்லை.

இதே மாநிலத்தில், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில், டிக்கின்சன் கல்லூரி விஞ்ஞானி ஒருவர் தலைமையில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் தெளிப்பானில் தண்ணீரை ஊற்றி, காட்டில் இருக்கும் கிட்டத்தட்ட நூறு பாம்புகள் மேல் செயற்கை மழையாகத் தூவி, வீடியோவில் பதிவுசெய்து, கூட்டமாக இருக்கும்போதும் தனியாக இருக்கும்போதும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 'கரண்ட் ஜுவாலஜி' இதழில் வந்தது. இது திட்டமிட்ட சோதனை. நேரலையில் மக்கள் பார்ப்பது உண்மையான மழையில், தானாக நடப்பது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதுதான் இங்கே எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் பாதியிலிருந்து குட்டிகள் வரத் தொடங்கும். மெல்லிய சவ்வுப் பைக்குள் சுருண்டபடி வெளியே வரும், சில நிமிடங்களில் அதைக் கிழித்துக்கொண்டு தலை நீட்டும். பிறந்த குட்டிக்கு விஷம் உண்டு, ஆனால் வாலில் சத்தம் கிடையாது. நுனியில் ஒரே ஒரு சின்ன மொட்டுதான். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கிலுக்கில் ஒரு வளையம் கூடும், இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசினால்தான் ஒலி வரும். (வளையத்தை எண்ணி வயது சொல்லலாம் என்பது தவறு. ஓர் ஆண்டில் பல முறை சட்டை உரிக்கலாம், நுனி வளையங்கள் உடைந்தும் போகும்.)

பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும். அதுவரை கண் மங்கலாக இருக்கும், தாயை விட்டு அதிக தூரம் போவதில்லை. தாயும் பல வாரங்களாக இரை எடுக்காத பசியோடு அங்கேயே கிடக்கும். இதுவரை கேட்டால் நமக்குப் பெரிதாக இருக்காது, தாய் என்றால் அப்படித்தானே என்போம். ஆனால் இன்னும் குட்டி போடாத சினைப் பாம்புகளும் மற்றவற்றின் குட்டிகளோடு சேர்ந்து கிடந்தன. குட்டிகள் யார் பிள்ளை என்று பார்க்காமல் எந்தச் சுருள் பக்கத்தில் இருக்கிறதோ அதன்மேல் ஏறி விளையாடின. ஆய்வாளர்கள் இதைக் கூட்டாகப் பிள்ளை பார்ப்பது என்று விளக்குகிறார்கள். அந்தப் பெண் பாம்பு வேண்டுமென்று காவல் இருக்கிறதா, அல்லது சூடான பாறை என்பதால் அங்கே கிடக்கும்போது குட்டிகள் அதை ஒட்டிக்கொள்கின்றனவா என்பதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் இவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாத பிராணிகள் என்ற பழைய எண்ணத்தோடு இந்தக் காட்சி ஒத்துப்போகவில்லை.

என்ன விளைந்தது

அறிவியல் பக்கம் கிடைத்தது, வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் ஓர் இடத்தின் தொடர்ச்சியான பதிவு. ஒரு கல்லூரி மாணவருக்கு, தன் ஊரில் மேசை முன்னால் உட்கார்ந்து, ஓடை இல்லாத சரிவில் சினைப் பாம்பு தண்ணீருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியைக் கையில் எடுக்க முடிகிறது. கடிபடும் ஆபத்தும் இல்லை, பாம்புக்குத் தொந்தரவும் இல்லை.

இன்னொரு விளைவு, பார்த்தவர்கள் பேசும் தொனி மாறியது. பயத்தோடும் ஆர்வத்தோடும் வந்தவர், சில வாரங்களில், 'அந்த வலது ஓரத்துக்காரி இன்னும் போடலையா' என்று கேட்கும் நிலைக்கு வருகிறார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கிலுகிலுப்பைப் பாம்புக்கு எதிராகப் பேச ஆயிரம் பேர் உண்டு, அதன் பக்கம் நின்று பேசுகிறவருக்குச் சொல்ல இப்போது கண்ணால் கண்ட ஒன்று இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

முதலில் எண்ணிக்கை. பாறைமேல் தெரியும் பாம்புகளை எண்ணி வளையின் மொத்தத் தொகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயில், காற்று, மேகம், மழை எல்லாவற்றையும் பொறுத்து வெளியே வரும் பாம்பு கூடும் குறையும், கேமரா பார்ப்பதும் சரிவின் ஒரு பக்கத்தைத்தான். பங்கெடுப்பவர்களுக்கு இதை முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'நேற்று 40, இன்று 12, மீதிக்கு என்ன ஆச்சு' என்ற பதற்றம் தேவையில்லாமல் வரும்.

அடுத்தது, எனக்கு அதிகம் கவலை தருவது, பார்க்கும் நேரத்தின் ஏற்றத்தாழ்வு. பிறப்பு நடக்கும்போது கூட்டம் கூடும், பருந்து வந்தால் குறிப்புகள் கொட்டும். சும்மா பாம்பு படுத்துக் கிடக்கும் நீண்ட மத்தியானத்தை யாரும் எழுதுவதில்லை. அப்புறம் அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பாம்பின் வாழ்க்கை முழுக்கப் பரபரப்பு என்று வரும். தன்னார்வலர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்து, ஒன்றும் நடக்காவிட்டாலும் 'ஒன்றும் இல்லை' என்று எழுத வைப்பது இதற்கு வழி. அலுப்பான வேலை. ஆனால் 'இல்லை' என்று எழுதிய வரி இல்லாமல் 'உண்டு' என்ற வரிக்கு மதிப்புக் கிடையாது. 2021-இல் படங்களுக்குப் பயன்பட்ட சின்னக் கேள்வி என்ற ஒழுங்கை நேரலைக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தனித்தனிப் பாம்பை அடையாளம் காண்பதும் கடினம். திட்டுகளை வைத்துச் சொல்வது நெருக்கமான காட்சியில் நம்பலாம், தூரத்தில் நம்ப முடியாது. பாம்பைப் பிடித்துக் கிலுக்கு வளையங்களில் வண்ணம் பூசுவது இந்தத் துறையில் பழைய வழக்கம், தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிடிக்க வேண்டும், பிடித்தால் தொந்தரவில்லாத ஆய்வு என்பது போய்விடும். சட்டை உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த நெருக்கப் படங்களைச் சேர்த்து ஒரு படத் தொகுப்பு வைத்துக்கொள்வது எனக்கு மேலாகப் படுகிறது.

உள்ளூர் மக்கள் விஷயமும் பாக்கி இருக்கிறது. நேரலையைப் பார்க்கிறவர் பெரும்பாலும் அந்தப் பாம்பைக் கொல்லும் வாய்ப்பே இல்லாதவர். வளைகளுக்கு அருகில் மாடு மேய்க்கிறவர், வீடு கட்டுகிறவர், நாயோடு நடக்கிறவர் கையில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது. அவர்களிடம் போய், இடத்தைச் சொல்லாமல், பாம்பு கோடையில் எங்கே இருக்கும், எப்போது வளைக்குத் திரும்பும், முற்றத்தில் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பேசுகிற தன்னார்வலர்களும் இதே அமைப்புக்குள் வந்தால் நல்லது.

கடைசியாகக் காலம். ஒரு தாய்ப் பாம்பு மறுபடி குட்டி போட இரண்டு, மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்றால், அதே பாம்புகள் அதே பாறைக்கு வந்து அதே துணைகளோடு கிடக்கின்றனவா என்ற கேள்விக்கு ஒரு கோடையின் வீடியோ போதாது. ஒரே பெண்ணின் மூன்று பேறுகாலங்களைப் பார்க்கவே பத்து ஆண்டுகள் வரை பிடிக்கும். மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஒரு தாயின் மூன்று பேறுகளையும் அடையாளம் தவறாமல் தொடர, ஒரே வளையை விடாமல் பார்த்துவரும் தன்னார்வலர்களையும் அவர்கள் எழுதிய குறிப்புகளை ஒழுங்காகச் சேமிக்கும் முறையையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.